அப்பாவின் கழுத்துக்கு ஒரு கிராப் தாள்

"இன்னொரு ஸ்கேனா? அதுதான் ஆரணியிலேயே எடுத்தாகிவிட்டதே!"

வேலூர் பழைய பேருந்து நிலையத்தில், ஆரணி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது சித்தப்பா இப்படிக் கேட்டார். என் கக்கத்தில் பெரிய பழுப்பு உறை ஒன்று இருந்தது. அதற்குள் நான்கு பிலிம்களில், கறுப்பும் வெளுப்புமாக அப்பாவின் கழுத்து. சித்தப்பாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே எடுத்த ஸ்கேனுக்குப் பணம் புரட்டியவர் அவர். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. பிறகு ஏழு மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். பழுப்பு உறையோடு வேலூர் பஸ் ஏறும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

எங்கள் பக்கத்தில் "வேலூருக்குப் போயிருக்கிறார்கள்" என்று சொன்னால் கோட்டையைப் பார்க்கவோ ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடவோ என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "வீட்டில் யாருக்கு என்ன?" என்றுதான் கேட்பார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு அங்கே மருத்துவம் தொடங்கினார். அன்றிலிருந்து வடார்க்காட்டு மனிதர்களுக்கு அந்த ஊர் பெயரே ஆஸ்பத்திரி என்ற பொருளில் பழகிவிட்டது. 1989இல் மாவட்டம் பிரிந்து ஆரணி திருவண்ணாமலையோடு போனது. அப்பா இன்றும் தன்னை வடார்க்காட்டுக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

அப்பா பட்டுச்சேலை நெய்பவர். பதினாறு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். பீடி அதற்கும் முன்னாலேயே தொற்றிக்கொண்டது. அறுபத்தோராம் வயதில் குரல் கம்மியது. சித்தரத்தை, மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு எல்லாம் ஆயின. மூன்று மாதத்தை அப்படியே கடத்திவிட்டோம். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் புகைப்பவர் என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். இதை யாராவது அன்று எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். குரல்வளையில் புற்று என்று தெரிந்தபோது வலப்பக்கக் குரல்நாண் அசைவை இழந்திருந்தது. கழுத்தில் ஒரு நெறிக்கட்டியும் இருந்தது.

குரல்வளையை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை ஒரு வழி. குரலைக் காப்பாற்ற முயல்வது இன்னொரு வழி: ஏழு வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒருமுறை மருந்து. எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சை 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அப்பா ஒரே வார்த்தையில் "கரண்ட்" என்றார். அதற்கு முதல் படியாக மருத்துவர் எழுதித் தந்த சீட்டில்தான் மறுபடியும் சிடி ஸ்கேன் இருந்தது.

"பழைய ஸ்கேன் நோய் என்ன, எங்கே, எவ்வளவு தூரம் என்று பார்க்க எடுத்தது. இது திட்டமிட எடுப்பது. இரண்டும் வேறு வேலை, அம்மா" என்றார் மருத்துவர். அன்று எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. திட்டமிடும் ஸ்கேன் நாளில்தான் புரிந்தது.

அன்று முதலில் முகமூடி செய்தார்கள். சட்டம் போட்ட ஒரு வெள்ளைத் தகடு, உடம்பெல்லாம் பொடித் துளைகள். அதை வெந்நீர்த் தொட்டியில் போட்டார்கள். சில நிமிடத்தில் விறைப்பு போய், எண்ணெயில் போடுவதற்கு முன் ஈரத்தில் நமத்த அப்பளம் போலத் துவண்டது. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து, தண்ணீர் வடித்து, மேசையில் படுத்திருந்த அப்பாவின் முகத்தின் மேல் இறக்கித் தோள்வரை இழுத்து மேசையோடு பூட்டினார்கள். "சூடு தாங்கும் அளவுதான் ஐயா, மூச்சைச் சாதாரணமாக விடுங்கள், எச்சில் விழுங்க வேண்டாம்" என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே மூக்கு, தாடை, தொண்டை மேட்டின் மேல் விரலால் அழுத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு ஆற ஆற அப்பாவின் முகம் அதில் எழுந்து வந்தது. அவருடைய வளைந்த மூக்கு, ஒட்டிய கன்னம் எல்லாம் அப்படியே. அது இறுகியதும் அசைக்க இயலாதபடி தலை நின்றுவிட்டது.

அப்பா படுத்திருந்த மேசையைக் கவனித்தேன். ஆரணியில் ஸ்கேன் எடுத்த மேசை நடுவில் குழிந்து தொட்டில் போல இருந்தது. இது பலகையாகத் தட்டை. கதிர்வீச்சு இயந்திரத்தின் மேசையும் இதே போலத் தட்டையாக இருக்கும். ஏழு வாரமும் எந்த முகமூடியில், எந்தத் தலையணையில், எந்தக் கோணத்தில் படுப்பாரோ அப்படியே படுக்கவைத்துத்தான் இந்த ஸ்கேனை எடுக்க வேண்டும். குழிந்த மேசையில், தாடையை வேறு மாதிரி வைத்து எடுத்த ஸ்கேனில் கழுத்தின் உள்ளுறுப்புகள் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். நோயைக் கண்டுபிடிக்க அந்த நகர்வு பொருட்டில்லை. குறி வைக்கப் பொருட்டு.

முந்தைய நாளே இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்திருந்தார்கள். நரம்பில் ஏற்றும் அயோடின் சாயத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும் என்பதால் அந்தச் சோதனை. சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு ஓடியதாகவும், வேட்டியில் சிறுநீர் போய்விட்டதோ என்று பதறியதாகவும் அப்பா பிறகு சொன்னார். அது எல்லோருக்கும் தோன்றுவதுதானாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வயதானவர்கள் கூசிப்போக மாட்டார்கள்.

மறுவாரம் மருத்துவர் எங்களைக் கணினி முன் உட்காரவைத்தார். திரையில் அப்பாவின் கழுத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக. சுட்டியை உருட்ட உருட்டத் தாடையிலிருந்து மார்பெலும்பு வரை இறங்கிக்கொண்டே போனது. ஒரு துண்டை நிறுத்தி, பெரிதாக்கிக்கொண்டே போனார். வழுவழுப்பான படம் உடைந்து சாம்பல் நிறச் சதுரங்கள் ஆயிற்று.

அப்பா முன்னால் குனிந்தார். "கிராப் தாள்" என்றார். காற்று மட்டும் வரும் அந்தக் குரலில்.

பட்டுத் தறியில் ஜரிகை முந்தானை நெய்ய முதலில் கிராப் தாளில்தான் மயிலும் மாங்காயும் வரைவார்கள். கட்டம் நிறைந்திருந்தால் இழை எழும், வெறுமையாக இருந்தால் எழாது. அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டைகளை மாலையாகக் கோத்துத் தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். அப்பா வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டங்களோடு புழங்கியவர். ஒரு கட்டம் தப்பினால் மயிலின் கழுத்து சேலை முழுக்கக் கோணும் என்று தெரிந்தவர்.

மருத்துவருக்கு அந்த ஒப்புமை பிடித்துப்போயிற்று. ஒரு துண்டில் அகலத்துக்கு 512, உயரத்துக்கு 512, ஆக 2,62,144 கட்டங்கள் என்றார். தறியின் கட்டத்தில் இரண்டே நிலை, உண்டு அல்லது இல்லை. இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்கிறது. தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 அளவில். தசை 50 பக்கம். கெட்டி எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். எக்ஸ் கதிரைச் சுற்றிலும் எல்லாக் கோணத்திலிருந்தும் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளந்து, உள்ளே எந்த இடம் எவ்வளவு விழுங்கியது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண்கள் அவை. நம் கண்ணுக்காகத்தான் அந்த எண்களுக்குச் சாம்பல் பூசிப் படமாகக் காட்டுகிறார்கள்.

அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலைபார்த்த பொறியாளர். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் 80க்கு 80 கட்டம்தான், மொத்தமே 6,400. கணக்கின் அடித்தளத்தைத் தனியாக முன்பே போட்டவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக். இருவருக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே மருத்துவர்கள் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் அந்தத் திரையில் இருந்தது. ஸ்கேனைப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது அளவு. சிகிச்சைக் கதிர் கழுத்துக்குள் நுழையும்போது கொழுப்பில் எவ்வளவு குறையும், எலும்பில் எவ்வளவு குறையும், மூச்சுக்குழலின் காற்றில் எவ்வளவு கடந்துபோகும் என்று அந்த எண்களிலிருந்துதான் கணினி கணக்கிடுகிறது. எந்த ஸ்கேன் இயந்திரத்தில் எடுத்தார்களோ அதற்கென்று முன்பே அளந்து வைத்த மாற்று அட்டவணை ஒன்று வேண்டும். ஆரணி பிலிமில் இருந்தது சாம்பல் நிறம். எண்கள் அதில் இல்லை.

பிறகு ஒரு சிக்கல். அப்பாவின் கடைவாய்ப் பல்லில் பழைய உலோக உறை ஒன்று. அந்த மட்டத்துத் துண்டுகளில், பல்லிலிருந்து சூரியக் கதிர் போலக் கறுப்பும் வெளுப்புமாகக் கீற்றுகள் தெறித்திருந்தன. உலோகம் கதிரை விழுங்கிவிடுவதால் கணக்கு குழம்பி எண்கள் பொய்யாகிவிடும். மருத்துவ இயற்பியலாளர் அந்தக் கீற்று விழுந்த பகுதிகளைத் தனியாகச் சுற்றி வரைந்து, அங்கே தசைக்கு உரிய எண்ணைக் கையால் இட்டார். இழை அறுந்த இடத்தில் நெசவாளி முடிச்சுப் போட்டு ஓட்டுவதைப் போல. மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. சிகிச்சை முழுவதிலும் அவரை இரண்டு முறைதான் நேரில் பார்த்தோம். அப்பாவின் கழுத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

மருத்துவர் துண்டு துண்டாகக் கோடு வரைந்திருந்தார். கட்டிக்குச் சிவப்பு. அதைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு வட்டம். அதற்கும் வெளியே, தினமும் படுக்கும்போது நேரும் சிறு பிசகுக்காகச் சில மில்லிமீட்டர் விளிம்பு. இவை அடிக்க வேண்டிய இடங்கள். காக்க வேண்டிய இடங்கள் இன்னும் அதிகம். தண்டுவடத்துக்கு மஞ்சள். காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடையெலும்பு, உணவுக்குழல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கட்டிக்கு 70 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), 35 நாளாகப் பிரித்து. தண்டுவடத்துக்கு அதிகபட்சம் 45க்குள் நிற்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26க்குக் கீழே வந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாய் நிரந்தரமாக வறண்டுபோகும். கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை மருத்துவர் திரையில் அளந்து காட்டினார். அப்பாவின் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

அந்தக் கோடுகளை வரைய ஒரு மாலை முழுக்க ஆனதாகச் சொன்னார். கணக்கு முடிய இன்னும் சில நாள். "ஸ்கேன் எடுத்துப் பத்து நாளாகிறது, இன்னும் கரண்ட் வைக்க ஆரம்பிக்கவில்லையே" என்று வீட்டில் புலம்பியதெல்லாம் அந்த நாள்களில்தான்.

நடுவில் எண்களால் வந்த ஒரு கலவரத்தையும் சொல்ல வேண்டும். ஆரணி ஸ்கேன் மைய அறிக்கையில் நெறிக்கட்டி 24 மில்லிமீட்டர். வேலூர் அறிக்கையில் 17. "மருந்து தொடும் முன்பே கரைய ஆரம்பித்துவிட்டது, கரண்ட் எதற்கு?" என்றார் சித்தப்பா. எனக்கும் ஒரு நிமிடம் ஆசை தட்டியது. கட்டி அப்படியேதான் இருந்தது. முதல் அறிக்கை நீளவாக்கில் அளந்தது, இரண்டாவது குறுக்குவாக்கில். சிகிச்சையின் பலனை மதிப்பிடும்போது மூலக் கட்டியை அதன் மிக நீண்ட விட்டத்தால் அளப்பார்கள். நெறிக்கட்டியைக் குறுக்கு விட்டத்தால் அளப்பார்கள், அது 10 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் இயல்பு என்று கொள்வார்கள். உலகம் முழுக்க வழக்கில் இருக்கும் விதிகள் அவை. இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து எண்ணை மட்டும் ஒப்பிடுவது முழக்கோலையும் கெஜக்கோலையும் கலந்து சேலை அளப்பது போல.

படங்கள் கணினியில் இருந்திருந்தால் மருத்துவர் இரண்டையும் தானே அளந்திருப்பார். முதலில் ஸ்கேன் எடுத்த மையத்துக்குக் குறுந்தகடு கேட்டுப் போனேன். "இரண்டு மாதம் ஆகிவிட்டது, அழித்துவிட்டோம், பிலிம்தான் கொடுத்தோமே" என்றார்கள். எடுத்த அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை: அறிக்கையும் பிலிமும் போதாது, முழுப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ அன்றே வாங்கிவிடுங்கள்.

சித்திரையில் சிகிச்சை தொடங்கியது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். அந்தச் சந்தில் கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. பக்கத்து அறையில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பெரியவர், நுரையீரலில் கட்டி. மூச்சோடு கட்டியும் மேலும் கீழும் போய்வருவதால் மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஸ்கேன் எடுத்தார்களாம். அதை அவருடைய மகன் கையை ஏற்றி இறக்கிக் காட்டித்தான் எனக்கு விளக்கினான்.

தினமும் கதிர் கொடுக்கும் முன், சிகிச்சை இயந்திரமே அப்பாவைச் சுற்றி வந்து ஒரு சிறு ஸ்கேன் எடுக்கும். அதைத் திட்டமிட்ட ஸ்கேனின் மேல் ஏற்றிப் பார்த்து, எலும்புக்கு எலும்பு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, மேசையை இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். பிறகுதான் கதிர்.

நான்காம் வாரம் பொருந்தவில்லை. வாயெல்லாம் புண். கஞ்சியும் இளநீரும்கூட முள்ளாக இறங்கின. ஆறு கிலோ குறைந்திருந்தார். முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. கழுத்து சுருங்கினால் கதிர் கடக்கும் தூரம் மாறும், உமிழ்நீர்ச் சுரப்பி உள்பக்கமாக நகரும், பழைய கணக்கு பழைய கழுத்துக்கானது. மறுபடி முகமூடி, மறுபடி திட்டமிடும் ஸ்கேன்.

இந்த முறை கேட்டது அம்மா. "இத்தனை ஸ்கேன் எடுத்தால் அதுவே நோய் கொண்டுவராதா?" நான் அதை அப்படியே தொழில்நுட்பரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்கிறது. கழுத்து ஸ்கேனில் சேர்வது இன்னும் சில மில்லிசீவர்ட். அப்பாவின் கட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும் சிகிச்சை அளவோடு வைத்துப் பார்த்தால் அது கடலில் ஒரு கைப்பிடி. பழைய கணக்கில் தொடர்ந்தால் தண்டுவடத்துக்குப் போகக்கூடிய கூடுதல் கதிர்தான் பயப்பட வேண்டியது. அம்மா தலையாட்டினார்.

நோய் ஏதும் இல்லாதவர்களை 'முழு உடல் பரிசோதனை' என்று கூப்பிட்டு சிடி எடுக்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. காரணத்தோடு எடுக்கும் பத்து ஸ்கேனுக்கு நான் அப்பாவை அழைத்துப் போவேன். காரணமில்லாத ஒன்றுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன்.

சிகிச்சை முடிந்த மறுவாரமே "ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று நாங்கள் அவசரப்பட்டோம். மருத்துவர் மறுத்தார். வெந்த சதை வீங்கியிருக்கும், வீக்கம் ஸ்கேனில் நோயைப் போலவே தெரியும், பன்னிரண்டு வாரம் போகட்டும் என்றார். அந்தப் பன்னிரண்டு வாரம் மற்ற ஏழு வாரத்தைவிட நீளம். கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறை என்று பஸ் ஜன்னலில் வரும் ஊர்ப் பெயர்களை அம்மா மந்திரம் போல உச்சரித்துக்கொண்டு வந்தார்.

ஆவணியில் எடுத்தார்கள். திரையின் இடப்பக்கம் சிகிச்சைக்கு முந்தைய திட்ட ஸ்கேன், வலப்பக்கம் புதியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதுபோல, ஒன்றை உருட்டினால் மற்றதும் கூடவே இறங்கியது. குரல்வளை மட்டத்தில் நிறுத்தினார். இடப்பக்கம், வலக் குரல்நாண் இருக்க வேண்டிய இடத்தில் சாயம் குடித்து வெளுத்த ஒரு கட்டி மூச்சுப்பாதையை ஒருபக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம், மூச்சுப்பாதை திறந்து இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. நெறிக்கட்டியைத் தேடினார். 17 இருந்த இடத்தில், அதே குறுக்குவாக்கில், 7. கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததும் அதையே சொன்னது. குரல்நாண் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழையதில் அந்த இடத்தைக் கட்டம் கட்டமாக ஆக்கிக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்டார். மருத்துவர் பெரிதாக்கினார். பிறகு புதியதிலும். அப்பா ஒரு கட்டத்தை விரலால் தொட்டார். திரையில் கை படக் கூடாது என்று சொல்ல வாயெடுத்த செவிலியரை மருத்துவர் கண்ணால் நிறுத்தினார்.

கழற்றிய இரண்டு முகமூடிகளையும் கேட்டு வாங்கி வந்தோம். முதலாவது தறிக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. இரண்டாவது அதைவிட ஒடுங்கிய முகம், அம்மா அதைப் பார்க்கப் பிரியப்படாததால் பெட்டிக்குள் இருக்கிறது. அப்பா தினமும் இரண்டு மணி நேரம் நெய்கிறார். குரல் கரகரப்புத்தான், ஆனால் தெருமுனையில் நிற்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கிறது. அடுத்த பரிசோதனை தையில். எல்லாப் படங்களும் உள்ள குறுந்தகடுகளை நான் பீரோவில் வைத்திருந்தேன். அப்பா எடுத்துப்போய், எலி அண்டாத தகரப் பெட்டியில், பழைய சேலை மாதிரிகளின் அட்டைக்கட்டுகளோடு சேர்த்து வைத்து, மேலே தேதி எழுதிவைத்திருக்கிறார்.